எழுபத்தொரு மெசேஜ்

4.6.2007, திங்கள்

கத்திரி முடிந்து ஒரு வாரம். வெயிலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டுகிறது. சுண்ணாம்புத் தூசு வேறு. குவாரி ஸ்டோர் வாசல் வேப்பமரம் வெள்ளை மரமாக நிற்கிறது.

செய்ய வேண்டியது:
– ஸ்டோர் இருப்பு (பூட்ஸ் கணக்கில் 2 ஜோடி இடிக்கிறது)
– கமலாவுக்கு சேலம் பஸ் நேரம்
– தேனுவுக்குப் பிரசவ லேகியம், நாட்டு மருந்துக் கடை
– சைக்கிள் பிரேக்

நாலில் ஒன்றும் நடக்கவில்லை. போன் பில் வந்தது.

மாதம் நூறு மெசேஜ் இலவசம், மேலே போனால் ஒன்றுக்கு ஒரு ரூபாய். அதுதான் பேச்சு. பில்லில் 268 என்று போட்டிருக்கிறான். நான் அனுப்பியது 71. எப்படித் தெரியும்? ஸ்டோர்கீப்பர் புத்தி. ஒரு போல்ட் வெளியே போனாலும் எழுதுகிறவன் நான். ஒவ்வொரு மெசேஜுக்கும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு. மே மாதம் ஐந்தைந்தாகப் பதினாலு கட்டு, தனியே ஒன்று. மூன்று தடவை எண்ணினேன். எழுபத்தொன்றுதான்.

எல்லாம் மகள் தேனுவுக்கு. வேறு யாருக்கு எழுதப் போகிறேன்.

கமலா பில்லைப் பார்த்துவிட்டு: "போன வாயில வச்சுப் பேசுனா ஒரு நிமிசம். நீங்க கட்டைவிரல்ல உழுதுக்கிட்டு இருந்தா இப்படித்தான் வரும்."

பில்லை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் எழுதாத விஷயம்: எனக்குக் காது போய் ஏழு வருஷம். குவாரியில் இருபத்திரண்டு வருஷம் வெடி வைத்த சம்பளம். எதிரே நின்று பேசினால் இடது காதும் உதடுமாகச் சேர்த்துச் சமாளிப்பேன். போனில் உதடு இல்லை. தேனு கூப்பிட்டால் "சிக்னல் இல்லை, அம்மாகிட்ட பேசு" என்று கமலாவிடம் தள்ளிவிடுவேன். நான் ராங்கிக்காரன் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அது பரவாயில்லை. செவிடன் என்பதற்கு ராங்கிக்காரன் மேல்.

5.6, செவ்வாய்

அரியலூர் ரீசார்ஜ் கடை. கடைக்காரர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கையில ஒண்ணும் இல்லீங்க. கஸ்டமர் கேருக்கு அடிச்சுப் பேசுங்க. ஃப்ரீ நம்பர்தான்."

பேசுங்களாம். நல்ல யோசனை.

மதியம் ஸ்டோரில் யாரும் இல்லாதபோது அடித்தேன். காதில் கர கர. ஒன்றை அழுத்தினேன். கர கர. இரண்டு. கர கர. ஒன்பது வரை ஒன்று விடாமல் அழுத்தியாயிற்று. ஒரு கட்டத்தில் ஏதோ பெண் குரல் போல. ஏதோ கேட்கிற தோரணை. என் பழக்கம், கேட்காதபோது "சரிங்க, ஆமாங்க" என்பது. ஏழு வருஷமாக அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். மூன்று தடவை "சரிங்க" சொன்னேன். லைன் போய்விட்டது.

தேனுவுக்கு எழுதினேன்: குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் நீர்க்கோழி நான்கு குஞ்சோடு வந்திருக்கிறது, தாய் முன்னால் போகிறது, கடைசிக் குஞ்சு மட்டும் நின்று நின்று வருகிறது, நீ பள்ளிக்கூடம் போன மாதிரி.

கோடு போட்டேன்.

6.6, புதன்

காற்று. தூசு. கண் எரிச்சல்.

எடைமேடை ராஜேந்திரன் டீக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னண்ணே, இந்த வயசுல? உங்களுக்குப் போன் பண்ணா குத்துப்பாட்டு பாடுது!"

"யாருக்கு?"

"உங்க போன்லதாண்ணே. எடுக்கற வரைக்கும் கூப்புடறவனுக்குப் பாட்டு. மாசம் முப்பது ரூவா புடிப்பான்."

நான் சொன்ன மூன்று "சரிங்க"வுக்குக் கிடைத்த பரிசு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஊருக்கே கேட்கும் பாட்டு, எனக்குக் கேட்காது. ராஜேந்திரனிடம் "சும்மா, ஒரு ஆசைக்கு" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தான்.

லேகியம் வாங்கியாயிற்று. பிரேக் இல்லை.

8.6, வெள்ளி

அரை நாள் லீவு. பெரம்பலூர். பஸ்ஸில் ஒரு மணி நேரம், பாதி நின்றபடி. போன் கம்பெனி ஆபீஸ் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன். டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள், எழுதிக் காட்டுவதில்லை. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் போன பிறகுதான் என் முறை போனதே தெரிந்தது.

கவுன்டர் பெண்ணுக்குத் தேனு வயசு இருக்கும். தலையைக் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். உதடு தெரிந்தால்தானே. கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கோடுகள். அவள் நிமிர்ந்து பார்த்த ஒரே தடவை அதுதான்.

"இதெல்லாம் நீங்களே எண்ணுனதா சார்?"

அப்புறம் மறுபடி குனிந்துகொண்டாள். நான்கைந்து வாக்கியம் சொன்னாள். பிடித்தது இவ்வளவுதான்: புகார் பதிந்தாயிற்று. முடிவு தெரியும் வரை பில் கட்ட வேண்டாம். இரண்டு நாளில் கூப்பிடுவார்கள், எடுத்துப் பேச வேண்டும்.

"எழுதி அனுப்ப மாட்டாங்களாம்மா?"

"இல்ல சார், வாய்ஸ்லதான் வெரிஃபிகேஷன்."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு.

பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு. ஈ.

9.6, சனி

கமலா கிளம்பினாள். சேலம் வழியாக ஓசூர். தேனுவுக்கு இது இரண்டாவது. தலைப்பிரசவம் இங்கே பார்த்தோம், இது மாப்பிள்ளை வீட்டில். இருபதாம் தேதிக்குள் என்று டாக்டர் சொன்னாராம். மூத்தவனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு லீவு இல்லை, இருப்புச் சரிபார்ப்பு மாதம்.

பெரம்பலூர் வரை கூடப் போய் சேலம் பஸ் ஏற்றினேன். ஜன்னலோரம். என்னைப் பார்த்து நேராகச் சொன்னாள், அதனால் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"ஏங்க. போன் அடிச்சா எடுங்க. இனிமே சிக்னல் இல்லன்னு சாக்கு சொல்ல நான் பக்கத்துல இல்ல. பெத்த மக ரெண்டு வருசமா உங்க குரலக் கேக்கலன்னு அழுவுறா. அவ வலி எடுத்துக் கெடக்கறப்பவும் ராங்கி பண்ணுனீங்கன்னா, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

பஸ் நகர்ந்தது. கையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அலமாரி மேல் அவளுடைய கண்ணாடி. படிக்கிற கண்ணாடி. மறந்துவிட்டாள்.

10.6, ஞாயிறு

இத்தனை நாள் போன் அடித்தால் கமலா ஓடிவருவாள், நீட்டுவேன். இப்போது நீட்ட ஆளில்லை. அதை மேஜை மேல் வைத்து எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அதிர்வு போட்டிருக்கிறேன், நண்டு மாதிரி நகரும். குளிக்கப் போகும்போதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கிறேன்.

நேற்று அவள் சொன்னதற்கு பஸ் பக்கத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம். "கமலா, எனக்குக் காது கேட்காது." நாலே சொல். வாய் வரைக்கும் வந்தது.

சோறு குழைந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

தேனுவுக்கு மூன்று மெசேஜ்.

11.6, திங்கள்

காலை பத்தரை. தெரியாத எண். எடுத்தேன். கர கர.

"எழுதி அனுப்புங்க" என்றேன். கர கர. "எழுதி அனுப்புங்கய்யா!" குரல் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது, பூட்ஸ் வாங்க வந்த டிரில்லர் பின்னால் நகர்ந்தான்.

மதியம் மெசேஜ், இங்கிலீஷில். ராஜேந்திரனிடம் காட்டினேன். படித்துச் சொன்னான்: வாடிக்கையாளர் சரியாகப் பதில் அளிக்காததால் புகார் முடிக்கப்பட்டது.

சரியாகப் பதில் அளிக்கவில்லையாம். இருபத்திரண்டு வருஷம் ஒரு சைரனுக்கு ஒரு நொடி பிந்தாதவன் நான். கேட்கிறபோது.

13.6, புதன்

மெசேஜ் போகவில்லை. எழுதி அனுப்பினால் திரையில் குறுக்குக் கோடு. ஐந்து தடவை. குறுக்குக் கோடு.

ரீசார்ஜ் கடைக்காரர்: "பில் கட்டலன்னு அவுட்கோயிங்க வெட்டிட்டாங்க. வர்றது வரும், போறது போவாது."

"கட்ட வேண்டாம்னு சொன்னதே அவங்கதாங்க."

"அது கவுன்டர்ல இருக்கறவங்க சொன்னது. இது கம்ப்யூட்டரு. அதுக்கு இது தெரியாது."

"இப்பவே கட்டுறேன். முழுசா. இருநூத்தி அறுபத்தெட்டுக்கும், பாட்டுக்கும் எல்லாத்துக்கும்."

"இங்க வாங்க முடியாதுங்க. பெரம்பலூர்தான்."

ரோஷமெல்லாம் நேற்றோடு சரி. பில் நியாயமா அநியாயமா என்பது அப்புறம். இன்றைக்கு எனக்கு வாயும் இல்லை.

மாலை தேனுவின் மெசேஜ். அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். "அப்பா ஏன் பதில் இல்லை? கோபமா? நாளை மறுநாள் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது."

இரண்டு வருஷமாகக் குரல் இல்லை. இப்போது எழுத்தும் இல்லை. கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். பக்கத்து வீட்டில் போய், ஓசூருக்குப் போன் போட்டு நான் சொல்வதைச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். ஏன் நீங்களே பேசக்கூடாதா என்பார்கள். செருப்பை மாட்டினேன், கழற்றினேன். வெட்கங்கெட்டவன். மகள் பயமாக இருக்கிறது என்கிறாள், நான் கௌரவம் பார்க்கிறேன்.

14.6, வியாழன்

முதல் பஸ். லீவு சொல்லவில்லை.

ஆபீஸ் திறக்குமுன் வாசலில் நான்தான் முதல் ஆள். இரண்டாவது ஆள் யார் என்று பார்த்தால் ராஜேந்திரன், சிம் தொலைந்துவிட்டதாம். இவன் எங்கே வந்தான் இப்போது. அவனுக்குத் தெரிந்தால் குவாரிக்கே தெரிந்த மாதிரி.

அதே பெண். குனிந்தபடி ஏதோ சொன்னாள். எனக்கு எட்டவில்லை. மறுபடி சொன்னாள். எட்டவில்லை. போனை எடுத்து கஸ்டமர் கேர் எண் போட்டு என்னிடம் நீட்டினாள்: நீங்களே பேசுங்கள் என்ற ஜாடை.

நீட்டிய கை அப்படியே இருக்கிறது. பின்னால் ராஜேந்திரன். "சரிங்க" நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எனக்குக் காது கேக்காதும்மா."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஏசிக்குப் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் திரும்பினான். அதனால் சத்தமாகத்தான்.

அவள் போனைக் கீழே வைத்தாள். கவுன்டரைச் சுற்றி என் எதிரே வந்து, முகத்துக்கு முகமாக, நிறுத்தி நிறுத்தி: "இத அன்னிக்கே சொல்லக் கூடாதா சார்?"

அப்புறம் ஒரு தாளில் எழுதினாள். "நான் பேசுகிறேன். ஆனால் பெயர், பிறந்த தேதி, முகவரி உங்கள் குரலில் வேண்டும்."

"குவாரியில நாங்க கொடி காட்டுவோம்மா" என்றேன். "செவப்பு, பச்சை."

சட்டென்று பிடித்துக்கொண்டாள். மேஜையில் பச்சை ஃபைல் ஒன்று, சிவப்பு ஸ்டேப்ளர் ஒன்று. போனில் அவள் பேச, பேச, நான் அவள் கையைப் பார்த்தபடி. பச்சை ஃபைல் எழுந்தது, பெயர் சொன்னேன். ஸ்டேப்ளர், நிறுத்தினேன். பச்சை, பிறந்த தேதி. சிவப்பு. பச்சை, முகவரி, பின்கோடு வரை. திடீரென்று அவள் நெற்றியைச் சுருக்கி, துண்டுத்தாளில் அவசரமாக "அம்மா பெயர்?" என்று எழுதிப் பச்சையைத் தூக்கினாள்.

"பாப்பாத்தி!" என்று கத்தினேன். ஆபீஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும்.

வழக்கு முடிந்த விதம், அவள் எழுதிக் கொடுத்தபடி: பில்லில் தப்பில்லை. இங்கிலீஷ் எழுத்தென்றால் ஒரு மெசேஜில் நூற்றறுபது எழுத்து. தமிழ் என்றால் எழுபது. அதைத் தாண்டினால் இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணுவான். புள்ளி தனி எழுத்து, கால் தனி, கொம்பு தனி. அம்மா என்று மூன்றெழுத்து எழுதினால் அவன் கணக்கில் ஐந்து. நான் எழுதுவதெல்லாம் நீளம், அதனால் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு. போனின் மூலையில் ஒரு சின்ன எண் ஓடுவதைக் காட்டினாள். அதுதான் எத்தனை மெசேஜ் என்ற கணக்காம். இவ்வளவு நாள் அதை நான் பேட்டரி என்று நினைத்திருந்தேன்.

"தமிழுக்கு மட்டும் ஏம்மா இடம் கம்மி?"

"எனக்கும் இப்பத்தான் சார் தெரியும். எங்க யாருமே தமிழ்ல அனுப்புறதில்ல."

முதல் தடவை என்பதால் பாதி தள்ளுபடி. மீதியைக் கட்டினேன். பாட்டையும் எடுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் லைன் வரும்.

திரும்பும் பஸ்ஸில் ராஜேந்திரனும். என் வலது பக்கம் உட்கார்ந்தான். கொஞ்சம் யோசித்தான். எழுந்து இடது பக்கம் மாறி உட்கார்ந்தான். அரியலூரில் இறங்கும்போது முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, "டீ?" என்றான்.

ஆறேகாலுக்கு லைன் வந்தது. எழுபது எழுத்துக்குள் அடக்கி எழுதிப் பார்த்தேன்: "கோபம் இல்லை. போன் பழுது. பயம் வேண்டாம். நான் இருக்கிறேன்." தந்தி மாதிரி. போயிற்று.

போன் பழுதாம். பெரம்பலூரில் முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்ல முடிந்தது.

15.6, வெள்ளி

அட்மிட். மாப்பிள்ளை மெசேஜ் போட்டார். இன்னும் வலி எடுக்கவில்லை.

ஸ்டோரில் பூட்ஸ் 2 ஜோடி கிடைத்தது. பெட்டிக்குள் பெட்டி.

ராஜேந்திரன் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது எல்லாரிடமும் சொல்லிவிட்டான், அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. டிரில்லர் இன்று எதிரே வந்து நின்று பேசினான்.

16.6, சனி

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. மணிக்கு ஒரு தரம் போனைத் திறந்து மூடல். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு கும்பிடு, இருந்த இடத்திலிருந்து. சைக்கிள் பிரேக் போட்டாயிற்று, வேறு வேலை இல்லாததால்.

17.6, ஞாயிறு

காலை ஒன்பது நாற்பது. மேஜையில் போன் நகர்ந்தது. திரையில் "தேனு". மெசேஜ் இல்லை, அழைப்பு.

எடுத்தேன். கர கர. அந்தக் கர கரவில் ஏதோ ஒரு ஏற்றம் இறக்கம். அழுகையா, சிரிப்பா, குழந்தையா, தெரியவில்லை. நல்லதா கெட்டதா என்று கூடத் தெரியவில்லை. "சரிங்க" சொல்லவில்லை.

"யாரு பேசறீங்கன்னு எனக்குத் தெரியல. எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே கேக்காது. மெசேஜ் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதினோரு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

வந்தது. தமிழ் எழுத்தில். தேனு முதல் தடவையாகத் தமிழ் எழுத்தில். ஒருமுறை நகர்ந்து ஓயாமல் நாலு தடவை நகர்ந்தது போன். துண்டு துண்டாக வந்து சேர்ந்து ஒன்றானது.

"அப்பா பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இப்ப போன்ல பேசினது அம்மா. நீங்க சொன்னத கேட்டதுலேந்து கட்டில் ஓரமா உக்காந்து அழுவுது. ராங்கின்னு ஊரெல்லாம் சொன்னேனேன்னு தலைல அடிச்சுக்குது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுது. எத்தன வருசமா?"

எழுபது எழுத்துக்குள் சொல்லலாம். ஏழு வருஷம் என்றால் தீர்ந்தது.

எழுத ஆரம்பித்தேன். பெண் குழந்தை என்றதும் என்ன ஆனேன் என்பதில் தொடங்கி, அந்தக் கடைசிப் பெரிய வெடி, காதுக்குள் விழுந்து இன்னும் நிற்காத அந்த ரீங்காரம், நானே எழுதிக் கேட்டு ஸ்டோருக்கு மாறியது, அடுப்படியில் அவள் முதுகைக் காட்டிப் பேசிய ஒவ்வொரு நாளும் என்ன சொன்னாள் என்று தெரியாமல் சரி சொன்னது. மூலையில் 2 வந்தது. 4 வந்தது. 6. விரல் நிற்கவில்லை. 8. இதற்கு மேல் இடம் இல்லை என்றது போன்.

அனுப்பிவிட்டேன். கோடு போடவில்லை.

கமலாவின் கண்ணாடி இங்கே அலமாரி மேல் இருக்கிறது. தேனுதான் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்குக் கணீரென்ற குரல், பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் டம்ளர் டம்ளராக வாங்கியவள். வார்டு முழுக்கக் கேட்கும்.

கேட்கட்டும்.